திம்பம் வழியாகப் போகலாம்

திம்பம் வழியாகப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மைசூர் போய்ச் சேர்ந்துவிடலாம், ஊட்டி, கூடலூர் என்று சுற்றினால் ஏதாவது ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பாதிப் பொழுது போய்விடும், அதனால் திம்பம்தான் சரி என்று சொல்கிறேன், வசந்தாமணி தலையை நிமிர்த்தாமல் "ம்" என்கிறாள். ஊட்டி வழியே போலாமா என்று கேட்டாலும் இதே "ம்"தான் வரும். அவள் கையில் சின்னக் கத்திரி, எதிரே முக்காலியின்மேல் அவளுடைய புளியமரம், முழங்கை உயரம்கூட இல்லாத மரம், எங்கள் மகள் இளமதியைவிட மூத்தது, கல்யாணமான புதிதில் இவள் விதை போட்டு முளைக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து மொட்டை மாடிக்கு வந்துவிட்டோம், பச்சை வலைக்கு அடியில் தொட்டி தொட்டியாக ஆலும் இச்சியும் காகிதப்பூவும், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், கையில் சூடேறிப்போன செல்போன், அதில் நீல நிறக் கோடாக எங்கள் பயணம். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், மைசூர். மைசூரில் ஒரு ஆசிரமத்துக்குள் போன்சாய் தோட்டம், அது வசந்தாமணிக்கு. அங்கிருந்து பெங்களூர், இளமதி வீடு, லால்பாக்கில் போன்சாய்கள் வைத்திருக்கும் இடம், அதுவும் வசந்தாமணிக்கு. பெங்களூருக்கு வெளியே இரும்புப் பீப்பாயை அடுப்பாக்கி விறகுப் புகையிலேயே கறியை வேக வைக்கிற ஒரு கடை, அது எனக்கு. அப்புறம் பீர். அங்கேயே காய்ச்சி, செப்புக் கொப்பரையைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்து, குழாயைத் திருகி ஊற்றித் தருகிறார்களாம், அதுவும் எனக்கு. தோட்டம், கறி, பீர் என்று மூன்றையும் சேர்த்து ஒரு பிரயாணம் போடு என்று இளமதிதான் சொன்னாள், "உங்களுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போங்கப்பா, சண்டை வராது." சண்டை எங்கே வரப்போகிறது, வசந்தாமணிதான் எல்லாவற்றுக்கும் "ம்" சொல்கிறாளே. அவள் நறுக்கிப் போட்ட புளிய இலைகள் காற்றில் நகர்ந்து என் கால் பக்கம் வருகின்றன, நான் குனிந்து நாலைந்தைப் பொறுக்கி விரலில் கசக்கி மூக்கருகே கொண்டுபோகிறேன், புளிப்பு, பச்சைப் புளிப்பு, இருக்கிறது, இன்னும் இருக்கிறது. காலையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது இப்படித்தான் ஒரு வாரமாக எதையாவது எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பையில் பணம் இருக்கிறதா என்று சந்தைக்கூட்டத்தில் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவனைப் போல.

கண் போய்விட்டது என்றால் ஊர் அழும், காது போய்விட்டது என்றால் சத்தமாகப் பேசும், மூக்கு போய்விட்டது என்றால் சிரிக்கும். அந்தக் காய்ச்சல் வந்து போனபோது எனக்கு வாசனையும் போனது, எல்லாருக்கும் போகிறது, எல்லாருக்கும் வந்துவிடுகிறது, உங்களுக்கும் வந்துவிடும் என்றார்கள். எனக்கு வரவில்லை. ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை, தோட்டத்து மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியதும் மூடியைத் திறந்து ஒரு முறை மூச்சை இழுத்தால் வார்னிஷ் கருகியதா, பேரிங்கில் கிரீஸ் தீய்ந்ததா என்று சொல்லிவிடுவேன், அது போய், பையன்கள் மோந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற முதலாளி ஆனேன். அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச மாதம் கழித்து வாசனை திரும்பி வருகிற மாதிரி வந்தது, வந்தது வாசனை இல்லை, வேறு என்னமோ, அதுவும் சிலதுக்கு மட்டும், மற்றதெல்லாம் அப்போதும் வெறுமைதான். காப்பி சாக்கடையாக வந்தது. வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிந்தது. கறியைத்தான் சொல்லவே முடியாது, முடி கருகி, அதன்மேல் அழுகின தண்ணீரை ஊற்றியது போல ஒரு நாற்றம், இப்போது நினைத்தாலும் நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். சகலை குமரேசன் வீட்டுக் கெடா விருந்தில், கோயில் மரத்தடியில், இலை போட்டு உட்காரவைத்து அவரே கையால் கறி வைத்தார், நான் இலையைத் தாண்டி ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தேன், பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எங்கூட்டுச் சாப்பாடு பிடிக்கலீங்களா சகலை" என்று அவர் கேட்டது சிரித்துக்கொண்டுதான், ஆனால் அப்புறம் ஒரு வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கறி எடுப்பது நின்றது. காது மூக்கு தொண்டை டாக்டர் நாலு வாசனையைத் தினமும் மோந்து பழகச் சொன்னார், லவங்கம், எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம், நாலு சின்னக் குப்பிகள், காலையில் பல் விளக்கியதும் என்னைக் கண்ணை மூடச் சொல்லி வசந்தாமணி ஒவ்வொன்றாகக் காட்டுவாள், "இது என்னன்னு சொல்லுங்கோ." எனக்கு எல்லாமே ஒன்றுதான், ஒன்றுமில்லாததுதான். சும்மா "லவங்கம்" என்பேன். "ஆமாங்க, லவங்கந்தான்" என்பாள். அது லவங்கம்தானா என்று நான் கண்ணைத் திறந்து பார்த்ததே இல்லை.

திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கிளட்ச் தீய்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும், பார்ப்பதாவது, மோப்பதுதான், கிளட்ச் தீய்ந்தால் முதலில் தெரிவது மூக்குக்குத்தான், இந்த மூன்று வருஷமாகப் பேரூரைத் தாண்டி நான் வண்டி எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம், அதுவும் என்றுதான் சொல்ல வேண்டும், பெரிய காரணம் வேறு, அதை நினைக்காமல் திம்பத்துக்குப் போவோம், பண்ணாரியில் வண்டியை நிறுத்தி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை நிற்கும், நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரமில்லை. நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் நினைவு அந்த வளைவிலேயே வந்து நிற்கிறது. அன்றைக்கு வசந்தாமணி தெருமுனைக்குப் பூ வாங்கப் போயிருந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பார்த்துக்கோங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிருக்கிறது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது, சமையலறை நிறைந்து, ஹால் நிறைந்து, நான் அதற்குள்ளேயே உட்கார்ந்து அதை மூச்சாக இழுத்துக்கொண்டு பேப்பரைத் திருப்பியிருக்கிறேன். தலை லேசாகச் சுற்றியது, பசி என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன், அடுப்பு அணைந்திருக்கிறது, சரி, பற்ற வைப்போம் என்று லைட்டரைக் கையில் எடுத்தேன். படியில் அவள் ஓடிவருகிற சத்தம் கேட்டது, "தொடாதீங்கோ, தொடாதீங்கோ" என்று கத்திக்கொண்டே வந்தாள், எதைத் தொடக்கூடாது என்று யோசித்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் என் கையைத் தட்டிவிட்டாள், லைட்டர் சிங்குக்குள் விழுந்தது. அடுப்பின் திருகை மூடி, சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு, என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள், அவள் மடியில் பூப்பொட்டலம், இலை கிழிந்து மல்லிகை சிதறிக்கொண்டிருந்தது. "வாசல் வரைக்கும் வருதுங்க" என்றாள். "தெருவுல நிக்கறப்பவே வந்துதுங்க." எனக்கு மல்லிகையும் வரவில்லை, கேஸும் வரவில்லை. அந்த லைட்டரை நான் அழுத்தியிருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தால் அதற்கு மேல் போகமுடியாது, நினைவு அங்கே ரிவர்ஸ் போட்டு மறுபடி கீழேயிருந்து ஏறுகிறது, பால் அடுப்பில், பேப்பர் கையில், படியில் சத்தம்.

"ஏனுங்க, அந்த மைசூர் தோட்டத்துல படம் புடிக்க உடுவாங்களா?" வசந்தாமணி கேட்கிறாள். இதுதான் இன்று அவளாகக் கேட்கிற முதல் கேள்வி. "கேட்டுப் பாக்கலாம்" என்கிறேன். "அங்க ஒரு புளி இருக்குதாமுங்க, அடியில நடந்து போலாம் போல இருக்குமாம், படத்துல பாத்தேன், ஆளு இல்லாம எடுத்திருந்தா பெரிய மரம்னு நெனச்சுக்குவோம்." அதைப் பார்க்கத்தான் அவள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெங்களூரில் போன்சாய்க்காரர்கள் சங்கம் ஒன்றில் அவளும் உறுப்பினர், வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி நடக்கும், முன்பெல்லாம் அதற்குக் காரின் பின் சீட்டில் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோவாள், நாலைந்து பெண்கள் சேர்ந்து போவார்கள். அந்தப் பாலுக்கு அப்புறம் போகவில்லை. போகாதே என்று நான் சொல்லவில்லை, போகவில்லை என்று அவளும் சொல்லவில்லை. "இந்த வருசம் முடியாதுங்க, ஆலமரத்துக்கு வேர் வெட்டணும்." அடுத்த வருஷம், "வெயில் ஜாஸ்தி." தெருமுனைக்குப் பூ வாங்கப் போவதென்றால்கூட "வாங்க, சும்மா நடந்துட்டு வரலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், எனக்கு நடை நல்லது என்று டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர்? நான் பட்டறைக்குக் கிளம்பியபிறகுதான் அவள் கடைக்குப் போனாள், நான் திரும்புவதற்குள் வந்துவிட்டாள். வீட்டில் நானும் அடுப்பும் தனியாக இருக்கிற நேரம் என்று ஒன்று இல்லாமலே மூன்று வருஷத்தை அவள் ஓட்டியிருக்கிறாள், அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் காட்டாமல் ஓட்டியிருக்கிறாள், அதனாலேயே எனக்கு அது முதுகில் மூட்டை போல இருந்தது, திட்டியிருந்தால் இறக்கி வைத்திருப்பேன்.

போன வாரம்தான் அது நடந்தது, அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது, நன்றாகக் கருகிய மோட்டார், மூடியைத் திறந்ததும் பட்டறையில் இருந்த எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போனார்கள். நான் மட்டும் போகவில்லை. எப்போதும் போகமாட்டேன், எனக்கு என்ன. ஆனால் அன்றைக்கு எதுவோ முகத்தில் அடித்தது. வார்னிஷ். கருகின வார்னிஷ், அதற்கடியில் ஈரம் பாய்ந்த பருத்தி நாடா, அதற்கும் அடியில் பழைய கிரீஸ், மூன்றும் தனித்தனியாக. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். காயிலுக்குள் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, நெடியாலா வேறு எதாலா தெரியவில்லை. "அண்ணா, என்னாச்சுங்க" என்று தோளைத் தொட்டார்கள். "தண்ணி எறங்கிக் கருகியிருக்குது" என்றேன். வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னதும் அவள் உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்தாள், சொன்னேன், காப்பித்தூளைக் கொண்டுவந்தாள், சொன்னேன், சாக்கடை இல்லை, காப்பி, கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன், எதுவோ மிக அருகில் வந்தது, எண்ணெய், சீயக்காய், லேசான வியர்வை, அவள் தலை. "இது நீ" என்றேன். அவள் குளியலறைக்குப் போனாள், குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் விழுந்துகொண்டிருந்தது. வெளியே வந்து, "இட்லி ஊத்தட்டுங்களா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் கறியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கருகினது வந்துவிட்டது, காப்பி வந்துவிட்டது, எல்லாவற்றிலும் மோசமாகப் போனது கறிதான், அது எப்படி வருமோ. அதைச் சோதித்துப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் பெங்களூர், இரும்புப் பீப்பாய், விறகுப் புகை என்று தூரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அங்கே போனால் தானாகத் தெரிந்துவிடும், அங்கே போய் அது பழைய நாற்றமாகவே வந்தால்? இளமதி எதிரில் உட்கார்ந்திருப்பாள், தட்டில் கறி இருக்கும், நான் எழுந்து ஓடினால்? ஓடும்போது மேசையில் தொடை இடித்து பீர் கொட்டும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டத்தோடு எல்லாம் மறுபடியும் போய்விட்டால், கத்தரிக்காய்ப் பொரியலும் ரசமும் நாலு குப்பியுமாக மறுபடியும் அந்த வீடு. சத்தி, பண்ணாரி, திம்பம், ஆசனூர். வழி நன்றாகத்தான் இருக்கிறது. போய்ச் சேருகிற இடத்தில்தான் பயம் உட்கார்ந்திருக்கிறது.

"பீர் குடிச்சா வண்டி யாரு ஓட்டறது?" என்று கேட்கிறாள், கிளையை வளைத்துக் கட்டுகிற கம்பியை வெட்டிக்கொண்டே. "நீதான்" என்கிறேன். "எனக்கும் ஒரு கிளாஸ் சொல்லுங்கோ" என்கிறாள். எனக்குக் காதும் போய்விட்டதா என்று இருக்கிறது. "என்னது?" "ஏன், நான் குடிக்கக்கூடாதுங்களா? ருசி எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கோணும். உங்க சகலையும் நீங்களும் அதைக் குடிச்சுட்டு அவ்வளவு சிரிப்பீங்களே." "அது பீருக்காகச் சிரிச்சதில்ல, குமரேசன் பேச்சுக்குச் சிரிச்சது." "அப்ப அவரையும் கூப்புடுங்கோ." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறாள், ஒரு கிளையை மெல்ல வளைத்து, உடைந்துவிடுமா என்று விரலால் கேட்டுக்கேட்டு, கம்பியைச் சுற்றுகிறாள். குமரேசனைக் கூப்பிடலாம். ஏன் கூப்பிடக்கூடாது? வாசனை இல்லாத காலத்தில் ஒருமுறை ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பார்த்தேன், கசக்கிற சோடா, குளிர் மட்டும் தெரிந்தது, பாதியைக் கொட்டிவிட்டேன். பீர் என்றால் வறுத்த தானியத்தின் வாசனை, ஈர மூட்டையின் வாசனை, அது இல்லாமல் கசப்பு எதற்கு. பெங்களூர்க் கடையில் ஆரஞ்சுத் தோல் போட்டுக்கூடக் காய்ச்சுகிறார்களாம், இளமதி சொன்னாள். வசந்தாமணி அந்தக் கண்ணாடி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நுரையை ஊதிப் பார்ப்பாள், மோர் என்று நினைத்துக்கொண்டு. வண்டியை இளமதி வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போய்விடலாம். ஆமாம், அதுதான் சரி. இப்படி ஒவ்வொன்றாகச் சரி சரி என்று முடிவாகிக்கொண்டே வருவதில் உடம்பே லேசாகிறது, நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

"மூர்த்தி அண்ணா!" பக்கத்து மாடியிலிருந்து ஜமீல் கூப்பிடுகிறார். கைப்பிடிச் சுவருக்கு மேல் அவருடைய தலையும் விசிறியும் தெரிகின்றன. "மாப்பிள்ள வந்திருக்காரு அண்ணா, கோழி சுடச் சொல்லிப் பேத்தி ஒரே அழுகை. கரி போட்டுட்டேன். பத்த வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு. ஜன்னலைச் சாத்திக்கிறீங்களா?" மூன்று வருஷமாக இவர் இப்படித்தான். ஒரு நாள் அவர் வீட்டுப் புகைக்கு நான் வாந்தி எடுத்ததை வசந்தாமணி போய்ச் சொன்னதிலிருந்து, அடுப்புப் போடுகிற நாளெல்லாம் முதலில் எங்களுக்குத் தகவல், நாங்கள் ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் தீக்குச்சி கிழிப்பார், பெருநாள் அன்றைக்குக்கூட. வசந்தாமணி கத்திரியைக் கீழே வைத்து எழுந்துவிட்டாள், "வாங்க, கீழ போலாம்" என்கிறாள், பழக்கம், கால் தானாகவே படிக்கட்டுப் பக்கம் திரும்புகிறது. நானும் எழுந்துவிட்டேன். செல்போனில் நீலக்கோடு அப்படியே இருக்கிறது. பெங்களூர் வரைக்கும் எதற்குப் போகவேண்டும், என்ன வேண்டுமானாலும் இங்கேயே நடக்கட்டும், ஓடினால் படியிறங்கிப் போனால் என் வீட்டுக் குளியலறை, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு மனசு சொல்கிறது, இன்னொரு மனசு வேண்டாம், ஒரு வாரம்தான் ஆகிறது, பச்சைக் குழந்தை, அதைக் கொண்டுபோய்ப் புகையில் காட்டாதே என்கிறது. "பத்த வைங்க பாய்" என்று வாய் சொல்லிவிட்டது. "ஜன்னல்?" "தொறந்தே இருக்கட்டும்." ஜமீல் விசிறியைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார், பிறகு வசந்தாமணியைப் பார்க்கிறார். அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள்.

முதலில் கரி வந்தது. கரி என்றால் கரிதான், பட்டறைக்குப் பின்னால் கொல்லர் வீட்டு உலை மாதிரி, சுத்தமான வாசனை, அதற்குப் பயமில்லை. அப்புறம் ஒன்றுமே வரவில்லை, காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, காகிதப்பூ அந்தப் பக்கமே சாய்கிறது, வராமலே போய்விட்டால் நல்லது, வராமலே போய்விட்டால் எப்படித் தெரியும், கம்பியில் கோழியை வைத்துவிட்டார் போல, சுர்ரென்று சத்தம் கேட்கிறது, கொழுப்பு கரியில் சொட்டுகிற சத்தம், இதோ, அந்த வேலியோரம், இலையில் குமரேசன் வைத்த கறி, முடி கருகினது, அழுகின தண்ணீர், நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது, வந்துவிட்டது, எச்சில் வந்துவிட்டது, ஓடவேண்டும், காற்று திரும்புகிறது. புகை கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பச்சை வலைக்கு அடியில் நுழைந்து, ஆலமரத்தின் தலைக்கு மேல், அந்த மரத்துக்கு அது மேகம் போல, என் முகத்துக்கு வருகிறது. மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும். விட்டேன். இழுத்தேன். ஓரத்தில் லேசாக அந்தப் பழைய நாற்றத்தின் நிழல், ரப்பர், அதுதானா, அதுதான், இல்லை, அதைத் தள்ளிக்கொண்டு மிளகு வருகிறது, எலுமிச்சை வருகிறது, தயிரில் ஊறிய இஞ்சி வருகிறது, அதற்குப் பின்னால் கொழுப்பு உருகித் தோல் முறுகுகிற வாசனை, கறி. கறி கறியாக வருகிறது. எச்சில் ஊறியது வாந்திக்கு இல்லை. பசிக்கு. வாய் நிறைய ஊறுகிறது, விழுங்குகிறேன், மறுபடி ஊறுகிறது. "ஏனுங்க" என்று வசந்தாமணி என் சட்டைக் கையைப் பிடிக்கிறாள். "கறி" என்கிறேன். "கறியாட்டவே இருக்குது வசந்தா." முழுசாகப் பழையபடி இல்லை, ஓரத்தில் அந்த நிழல் இருக்கத்தான் செய்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அதோடு ஆயுசுக்கும் இருந்துகொள்வேன்.

ஜமீல் வாழையிலைத் துண்டில் நாலு துண்டு வைத்துச் சுவருக்கு மேல் நீட்டினார், "அண்ணா, கட்டாயமில்லே, வேண்டாம்னா வேண்டாம்" என்றார். நான் ஒரு துண்டை எடுத்து மெல்ல மென்று விழுங்கினேன், அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பு கொஞ்சம் கம்மி பாய்" என்றேன். "யா அல்லா" என்று அவர் சத்தமாகச் சிரித்து, கீழே திரும்பி, "ஏய், மூர்த்தி அண்ணா உப்பு கம்மிங்கறாரு!" என்று வீட்டுக்கே கேட்கும்படி கத்தினார். இலையோடு நாற்காலிக்குத் திரும்பினால் வசந்தாமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு துண்டு. எலும்பை உறிஞ்சினாள். இரண்டாவது. குருத்தெலும்பைக் கடித்து மென்றாள், கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாவதை எடுக்கும்போதுதான் என்னைப் பார்த்தாள், "உங்களுக்குங்க?" "நீ சாப்பிடு." சாப்பிட்டாள். இவளைப் பெண் பார்க்கப் போனபோது இவள் அப்பா சொன்னது ஞாபகம் வருகிறது, எங்க பொண்ணுக்கு நகை நட்டு வேண்டாம், ஞாயித்துக்கிழமை கறி மட்டும் தப்பக்கூடாது. ஊரே சிரித்தது அன்றைக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம், கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம், என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவாள். தோட்டம் அவளுக்கு, கறி எனக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, கறியும் அவளுக்குத்தான். பீரிலும் ஒரு கிளாஸ் கேட்டுவிட்டாள். எனக்கென்று என்ன மிச்சம் என்று பார்த்தால் திம்பம், அந்த இருபத்தேழு வளைவு, அது போதும், அதை நானே ஓட்டுகிறேன்.

"பெங்களூர்ல ஒரு நாள் சேத்தி இருக்கலாமுங்களா" என்று கேட்டாள், விரலை நக்கிக்கொண்டே. "சங்கத்துல சாந்தகுமாரி அக்கா தோட்டம் ஒசூர்ல இருக்குது, திரும்பறப்ப பாத்துட்டு வரலாம். இல்லீனா நான் மட்டும் ரெண்டு நாள் அங்க இருந்துட்டு பஸ்ல வந்தர்றேன். நீங்க முன்னால வந்துருங்கோ." "நான் மட்டும் வீட்டுல தனியா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். "ஆமா, அதுக்கென்னங்க?" என்றாள், சாதாரணமாக, நான் எதையோ அதிசயமாகக் கேட்டுவிட்டது போல. அதுக்கென்ன. ஒன்றுமில்லை. "இருந்துட்டு வா, ஒரு வாரங்கூட இருந்துட்டு வா" என்றேன். அவள் கை கழுவி வந்து, சாக்கு விரிப்பில் புளியமரத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள், ஒசூரில் இருக்கிற இச்சி மரத்தைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அது பாறையைக் கட்டிப்பிடித்து வளர்ந்திருக்கிறதாம், பாறையை எடுத்தால் மரம் இல்லையாம், வார்த்தைகள் இடைவெளி விட்டு வந்தன, அப்புறம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டாள். கோழித்தூக்கம் இல்லை, மூச்சு அடிவயிற்றிலிருந்து வருகிறது, சின்னக் குறட்டைகூட. இவள் பகலில் தூங்கி நான் எப்போது பார்த்தேன் என்று யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அந்தப் பாலுக்கு அப்புறம் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. போன் அதிர்கிறது, இளமதி, நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு "சொல்லு கண்ணு" என்கிறேன். "ஏம்ப்பா மெதுவாப் பேசறீங்க? ரூட் முடிவாச்சா? அம்மாகிட்ட குடுங்க." "அம்மா தூங்கறா." "என்னது?" "மாடியில, செடிக்கு நடுவுல. தூங்கறா." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பகல்லயாப்பா?" "ஆமா கண்ணு." "எழுப்பிடாதீங்கப்பா" என்றாள், அவள் குரலும் ரகசியமாகிவிட்டது, பெங்களூரில் இருந்துகொண்டு எங்கள் மாடியில் யாரும் விழித்துவிடக் கூடாது என்பதுபோல. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பச்சை வலை முடிகிற இடத்தில் வெயில் மெதுவாக நகர்ந்து அவள் கால்விரல் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி நகர்த்திப் போட்டு, என் நிழல் அவள் காலில் விழும்படியாக உட்கார்ந்துகொள்கிறேன்.